மாணவரிடையே மனச்சோர்வு: மரபணுவும் அழற்சியும்

திருப்பதி என்றதும் திருமலைக் கோயிலே எவருக்கும் முதலில் நினைவுக்கு வரும். ஆயினும் கடந்த எழுபது ஆண்டுகளில் அந்நகரம் தென்னிந்தியாவின் முக்கியக் கல்வி நகரங்களுள் ஒன்றாகவும் வளர்ந்துள்ளது. 1954-ஆம் ஆண்டில் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1960-இல் மருத்துவக் கல்லூரியும், 1983-இல் பெண்களுக்கென ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும், 1993-இல் ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவ அறிவியல் கழகமும் தோன்றின. 2015-இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமும் இப்பகுதியில் தொடங்கப்பட்டன. பழைய சித்தூர் மாவட்டம் 2022 ஏப்ரல் 4 அன்று பிரிக்கப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. சித்தூர் மாவட்டத்தின் எல்லையிலுள்ள குப்பத்தில் 1997 முதல் திராவிடப் பல்கலைக்கழகம் இயங்கி வருகிறது.

இந்நிறுவனங்களுக்கு ராயலசீமையின் வறண்ட கிராமங்களிலிருந்தும், தமிழ் வழங்கும் நகரி, சத்தியவேடு போன்ற எல்லைப் பகுதிகளிலிருந்தும் இளைஞர்கள் படிக்க வருகின்றனர். அவர்களுள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்பவர்கள். இவர்களது கல்விக்காகக் குடும்பமும் அரசும் செய்யும் செலவு பெரிது. அச்செலவு பயன் தராமற்போவதற்குரிய காரணங்களுள், பெரும்பாலும் கணக்கில் வராத ஒன்று மனச்சோர்வு நோயாகும்.

2015-16-இல் பன்னிரண்டு மாநிலங்களில் நடத்தப்பெற்ற தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோருள் 2.7 விழுக்காட்டினர் ஆய்வுக் காலத்தில் மனச்சோர்வு நோயால் துன்புற்றனர். வாழ்நாளில் ஏதேனும் ஒரு காலத்தில் இதற்கு ஆட்பட்டோர் இருபது பேருக்கு ஒருவர். மனச்சோர்வு, பதற்றம் முதலிய பொது மனநோய்கள் கொண்டோருள் 85 விழுக்காட்டினர் தக்க சிகிச்சை பெறவில்லை என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. மனநோய்களுள் ஐந்தில் மூன்று பங்குக்கும் மேல் 25 வயதுக்கு முன்பே தொடங்கிவிடுகின்றன என்று உலக அளவிலான ஆய்வுகள் கூறுகின்றன. எனவே பல்கலைக்கழகப் பருவமே இந்நோயைக் கண்டறிவதற்கு உரிய பருவமாகும்.

நோய் எது, வருத்தம் எது?

தேர்வில் தோல்வியுற்ற மாணவன் வருந்துவது இயல்பு. அவ்வருத்தம் நாளடைவில் தணியும். மனச்சோர்வு நோய் வேறு. எந்நேரமும் வாட்டம், முன்பு மகிழ்ச்சி தந்தவற்றில் நாட்டமின்மை ஆகிய இரண்டில் ஒன்றேனும் நாளின் பெரும்பகுதியில், குறைந்தது இரண்டு வாரங்களுக்குத் தொடர்ந்து இருத்தல் வேண்டும். இதனுடன் தூக்கக் குறைவு அல்லது மிகுதி, பசியில் மாற்றம், அயர்ச்சி, செயலில் மந்தம், கவனம் சிதறுதல், தன்னைப் பயனற்றவனாக எண்ணுதல், சாவைப் பற்றிய நினைவு ஆகியவை சேரும். இவ்வொன்பது குறிகளுள் ஐந்தேனும் இருந்து, அன்றாடச் செயல்கள் தடைப்படுமாயின் மருத்துவர் அதனை மனச்சோர்வு நோய் எனக் கணிக்கிறார்.

நமது நாட்டில் நோயாளி பெரும்பாலும் 'மனம் சரியில்லை' என்று கூறி மருத்துவரிடம் வருவதில்லை. தலைவலி, நெஞ்செரிச்சல், உடல்வலி, அசதி என்றே கூறுகிறார். மாணவர் விஷயத்தில் இது வகுப்புக்கு வராமை, தேர்வைத் தவிர்த்தல், விடுதி அறையை விட்டு வெளிவராமை என்று வெளிப்படுகிறது. நிர்வாகம் இதனைச் சோம்பல் என்றோ ஒழுங்கீனம் என்றோ பதிவு செய்கிறது. பெற்றோர் தலைவிதி என்கின்றனர். நோயாளியோ தன் மன உறுதி போதவில்லை என்று தன்னையே நொந்துகொள்கிறார். இம்மூன்று முடிவுகளும் தவறானவை என்பதை மரபியலும் நோய் எதிர்ப்பியலும் இன்று தெளிவாக்கியுள்ளன.

மரபின் பங்கு

பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்கு இந்நோய் இருப்பின் ஒருவருக்கு அது வரும் வாய்ப்பு மற்றவரைவிட ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்காகிறது. ஒரு குடும்பத்தினர் மரபணுக்களை மட்டுமன்றி வறுமையையும் சூழலையும் பகிர்ந்துகொள்கின்றனர். இவ்விரண்டையும் பிரித்தறிய இரட்டையர் ஆய்வுகள் உதவின. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர் மரபணுக்களில் ஒத்தவர்கள். இரு கருக்களிலிருந்து பிறந்த இரட்டையரிடம் வேறுபடும் மரபணுக்களில் சராசரியாகப் பாதியே பொதுவாக இருக்கும். இவ்விரு வகையினரையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து, 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்கள் மரபின் பங்கு ஏறத்தாழ 37 விழுக்காடு எனக் கணித்தனர்.

இந்த எண் பலரால் தவறாகப் பொருள்கொள்ளப்படுகிறது. தாய்க்கு நோய் இருந்தால் மகனுக்கு வர 37 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்பது இதன் பொருளாகாது. ஒரு மக்கள்தொகையில் ஒருவருக்கொருவர் காணப்படும் வேறுபாட்டில் எவ்வளவு பங்கு மரபணு வேறுபாட்டால் விளைகிறது என்பதையே இது குறிக்கிறது. எஞ்சிய பெரும்பங்கு வாழ்க்கைச் சூழலைச் சார்ந்தது.

அடுத்து, அந்த மரபணுக்கள் எவை என்ற தேடல் தொடங்கியது. மூளையில் செய்தி கடத்தும் செரட்டோனின் என்னும் பொருளைக் கையாளும் ஒரு மரபணுவின் குறுகிய வடிவம் கொண்டோர், வாழ்க்கைத் துயரங்களுக்கு ஆட்படும்போது எளிதில் மனச்சோர்வு அடைகின்றனர் என்று 2003-இல் நியூசிலாந்தின் டுனெடின் நகர ஆய்வு ஒன்று அறிவித்தது. அது உலகெங்கும் பெரும் வரவேற்பைப் பெற்றது. ஆனால் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2009-இல் செய்யப்பெற்ற கணிப்பு அம்முடிவை உறுதிப்படுத்தவில்லை. இலட்சக்கணக்கானோரின் தரவுகளைக் கொண்டு 2019-இல் வெளிவந்த ஆய்வும், அதுவரை பேசப்பட்ட 'மனச்சோர்வு மரபணுக்கள்' எவற்றுக்கும் தனிச்சிறப்பு இல்லை என்று காட்டியது.

இன்றைய முறை வேறு. மரபணுத் தொகுதி முழுவதையும் பல இலட்சம் பேரிடம் ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். 2019-இல் இம்முறையில் 102 மரபணு வேறுபாடுகள் அறியப்பட்டன. 29 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 6,88,000 நோயாளிகளை உள்ளடக்கி 2025-இல் வெளிவந்த ஆய்வில் இவற்றின் எண்ணிக்கை 697 ஆயிற்று. ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறியது. ஆகவே மனச்சோர்வுக்கென்று தனி மரபணு ஏதும் இல்லை. நூற்றுக்கணக்கான சிறு சாய்வுகள் சேர்ந்தே ஒருவரை எளிதில் பாதிக்கப்படுபவராக ஆக்குகின்றன.

இங்கு ஒன்றைக் குறிப்பிடுதல் அவசியம். தாய்மாமனையோ அத்தை, மாமன் மக்களையோ மணக்கும் வழக்கம் தென்னிந்தியாவில் நெடுங்காலமாக உண்டு. சித்தூர்ப் பகுதியும் இதற்கு விலக்கன்று. இதனால், பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே குறையுள்ள மரபணுவைப் பெறும்போது தோன்றும் சில அரிய நோய்கள் மிகுகின்றன என்பது உண்மை. ஆனால் பல நூறு மரபணுக்களின் கூட்டு விளைவான மனச்சோர்வுக்கு இந்த விதியை அப்படியே பொருத்த இயலாது. 'உறவில் மணம் செய்ததால் பிள்ளைக்கு மனநோய்' என்று ஊரார் கூறும் பழி, பெற்றோருக்கு வேதனையைத் தருமேயன்றி விளக்கத்தைத் தராது.

அழற்சி என்னும் வழி

புத்தூர்க் கட்டு என்ற எலும்பு முறிவு வைத்தியத்தைத் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் அறியாதவர் குறைவு. புத்தூருக்கு அழைத்துவரப்படும் நோயாளியின் கை வீங்கி, சிவந்து, சூடாகி, வலிப்பதை எவரும் காணலாம். உடல் தனக்கு நேர்ந்த சேதத்தை எதிர்த்துச் செய்யும் இச்செயலே அழற்சி எனப்படும். இதே செயல், கண்ணுக்குப் புலப்படாத அளவில் உடல் முழுவதும் நீண்ட நாள் நீடிக்கவும் கூடும். அதன் அடையாளங்களாக இன்டர்லூக்கின்-6, சி-ரியாக்டிவ் புரதம் போன்ற பொருள்கள் இரத்தத்தில் சற்றே மிகுந்து காணப்படும்.

காய்ச்சல் கண்டவர் உணவை வெறுத்து, யாரிடமும் பேச விரும்பாமல், சுருண்டு படுத்துக்கொள்வதை நாம் அறிவோம். நோயை எதிர்க்க உடல் ஆற்றலைச் சேமித்துக்கொள்ளும் ஏற்பாடு இது என்று 1988-இல் பெஞ்சமின் ஹார்ட் என்ற அமெரிக்க அறிஞர் விளக்கினார். இந்நிலைக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள ஒற்றுமை வெளிப்படையானது. காய்ச்சலில் இது சில நாள்களில் நீங்குகிறது. அழற்சி தணியாதபோது இந்நிலையும் நீங்காமல் நிற்கக்கூடும்.

இது வெறும் ஒப்புமை மட்டுமன்று. புற்றுநோய்க்கும் கல்லீரல் அழற்சிக்கும் இன்டர்ஃபெரான் என்ற மருந்து கொடுக்கப்பட்ட காலத்தில், அதனைப் பெற்றோருள் கணிசமான பகுதியினர் மனச்சோர்வுற்றனர். அம்மருந்து நோய் எதிர்ப்பு அமைப்பைத் தூண்டுவதாகும். 2001-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மனச்சோர்வுக்கான மருந்தை முன்னதாகவே பெற்றவர்களுள் 11 விழுக்காட்டினரும், வெற்று மாத்திரை பெற்றவர்களுள் 45 விழுக்காட்டினரும் நோயுற்றனர். அழற்சி மனத்தைத் தாக்கும் என்பதற்கு இது வலுவான சான்றாகும்.

இது நிகழும் விதத்தையும் ஓரளவு அறிந்துள்ளோம். அழற்சிப் பொருள்கள் நரம்புகள் வாயிலாகவும் இரத்தத்தின் வாயிலாகவும் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மூளையிலுள்ள காவல் செல்கள் விழிப்படைகின்றன. உணவிலிருந்து கிடைக்கும் ட்ரிப்டோஃபான் என்ற பொருள் செரட்டோனின் ஆவதற்குப் பதிலாகக் கைனூரினின் என்ற வேறு பாதையில் திருப்பப்படுகிறது. அப்பாதையில் தோன்றும் சில பொருள்கள் நரம்புச் செல்களுக்குக் கேடு விளைவிக்கக்கூடியவை. மேலும், அழற்சியை அடக்க வேண்டிய கார்ட்டிசோல் என்ற சுரப்பு, நெடுநாள் மன அழுத்தத்தால் தன் வலுவை இழக்கிறது. ஆணைக்குக் கீழ்ப்படியாத ஊழியர்களைப் போல் செல்கள் அதன் கட்டளையை ஏற்க மறுக்கின்றன.

அழற்சி முந்தியதா, சோர்வு முந்தியதா என்ற கேள்வி எழும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்த ஆய்வு இதற்கு ஓரளவு விடை தருகிறது. ஒன்பது வயதில் இன்டர்லூக்கின்-6 மிகுந்திருந்த குழந்தைகள், குறைந்திருந்தோரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அதிகமாகப் பதினெட்டு வயதில் மனச்சோர்வுற்றனர் என்று 2014-இல் அது தெரிவித்தது.

ஆயினும் எல்லா நோயாளிகளிடமும் அழற்சி இல்லை. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரிடமே அது குறிப்பிடத்தக்க அளவில் காணப்படுகிறது. அழற்சியை அடக்கும் இன்ஃப்ளிக்சிமாப் என்ற மருந்தை, மற்றச் சிகிச்சைகளால் குணமாகாத 60 நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. மொத்தத்தில் பயன் தெரியவில்லை. அழற்சி மிகுந்திருந்தவர்களிடம் மட்டும் பயன் இருப்பதற்கான அறிகுறி தென்பட்டது. மனச்சோர்வு என்ற ஒரே பெயரின்கீழ் பல வகை நோய்கள் அடங்கியிருக்கலாம் என்பதே இதன் படிப்பினை.

மாணவர் வாழ்வில் இரண்டும் சந்திக்கும் இடம்

மரபையும் அழற்சியையும் பற்றிய இச்செய்திகள் விடுதிக் காப்பாளருக்கும் கல்லூரி முதல்வருக்கும் எவ்வாறு பயன்படும் என்று கேட்கலாம். இரு ஆய்வுகள் இதனை விளக்கும்.

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் பதினொரு பல் மருத்துவ மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடைபெற்று 1998-இல் வெளியிடப்பட்டது. அவர்களது மேலண்ணத்தில் கோடை விடுமுறையில் ஒரு சிறு காயமும், தேர்வுக்கு மூன்று நாள்களுக்கு முன் மற்றொரு சிறு காயமும் செய்யப்பட்டன. தேர்வுக் காலத்துக் காயம் ஆற சராசரியாக 40 விழுக்காடு அதிக நாள்கள் பிடித்தன. தேர்வு என்பது மாணவரின் எண்ணத்தோடு நில்லாமல் அவரது இரத்தத்திலும் தசையிலும் இறங்குகிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

மற்றொன்று மருத்துவப் படிப்பை முடித்துப் பயிற்சிப் பணியில் சேர்ந்த இளம் மருத்துவர்களைப் பற்றியது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீஜன் சென் தலைமையில் 740 பேரிடம் செய்யப்பட்டு 2010-இல் வெளியான இந்த ஆய்வின்படி, பணிக்கு முன் 3.9 விழுக்காட்டினரிடமே காணப்பட்ட மனச்சோர்வு, பயிற்சி ஆண்டில் சராசரியாக 25.7 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. ஓராண்டில் அவர்களது மரபணுக்கள் மாறிவிடவில்லை. மாறியவை வேலை நேரமும் உறக்கமும் பொறுப்பின் சுமையுமே. இதே வகைப் பயிற்சி மருத்துவர் பல்லாயிரவரிடம் பின்னர்ச் செய்த ஆய்வில், மரபுச் சாய்வின் விளைவு அழுத்தம் மிகுந்த காலத்தில் மேலும் தெளிவாக வெளிப்பட்டது. சுமை குறைந்த இடத்தில் பலருடைய மரபுச் சாய்வு வெளித்தெரியாமலே இருந்துவிடும்.

இதனைத் திருப்பதிக்குப் பொருத்திப் பார்க்கலாம். கிராமத்திலிருந்து வரும் மாணவி தாய்மொழி வழிக் கல்வியிலிருந்து ஆங்கில வழிக்கு மாறுகிறாள். எல்லைப் பகுதியினருக்குத் தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் என மும்மொழிச் சுமை. நெருக்கடியான விடுதி, நேரந்தவறிய உணவு, இரவு விழிப்பு, அடிக்கடி வரும் காய்ச்சல், உடற்பயிற்சியின்மை, சிலரிடம் புகைப் பழக்கம் ஆகியவை ஒன்றுசேர்கின்றன. தூக்கக் குறைவும் புகையும் தொற்றும் அழற்சியை மிகுவிப்பவை. சிறுவயதில் கொடுமைக்கு ஆளானோரிடம் வளர்ந்த பின்னும் அழற்சி மிகுந்திருப்பதாக டுனெடின் ஆய்வு 2007-இல் காட்டியது. விடுதியும் தேர்வும் வறுமையும் மாணவர் உடலினுள் நுழையும் வாயில்களுள் அழற்சியும் ஒன்றாகும். அந்த வாயில்கள் பலவற்றை அடைப்பது நிர்வாகத்தின் கையில் இருக்கிறது.

செய்யத் தகாதவை

இவ்வறிவைத் தவறாகப் பயன்படுத்தும் ஆபத்தும் உண்டு. மனச்சோர்வை முன்னறிவிக்கும் மரபணுச் சோதனை எதுவும் இன்று மருத்துவப் பயன்பாட்டுக்கு உரியதாக இல்லை. மரபணு ஆய்வுகள் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினரிடம் செய்யப்பட்டவை. அவற்றிலிருந்து பெற்ற மதிப்பெண்கள் நம் மக்களுக்குச் சரிவரப் பொருந்துவதில்லை. சி-ரியாக்டிவ் புரதச் சோதனையும் மனச்சோர்வைக் கண்டறிய உதவாது. பல் வீக்கம், சளி, உடற்பருமன் ஆகியவற்றாலும் அதன் அளவு கூடும். அழற்சியைக் குறைப்பதாக எண்ணி வலி மாத்திரைகளைத் தாமே நாள்தோறும் உண்பது இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் தீங்காகும்.

குடும்பத்தில் மனநோய் உண்டா என்று கேட்டு விடுதியிலோ வகுப்பிலோ வேற்றுமை பாராட்டுவதும் தகாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சிகிச்சையில் சமத்துவத்தையும், 23-ஆம் பிரிவு நோய்ச் செய்திகளின் இரகசியத்தையும் உரிமையாக்கியுள்ளன.

செய்யத் தக்கவை

மனச்சோர்வு குணமாகக்கூடியது. உரையாடல் வழிச் சிகிச்சையும் மருந்துகளும் உள்ளன. மருந்தின் பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நலமான பின்னும் குறைந்தது ஆறு மாதங்கள் தொடர வேண்டியிருக்கும். இடையில் நிறுத்துவதே பலருக்கு நோய் திரும்பக் காரணம். சிகிச்சைக்கு முன் இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, பி-12 வைட்டமின் குறைவு ஆகியவற்றைச் சோதித்தல் நன்று. இவையும் அயர்ச்சியையும் மந்தத்தையும் தருபவை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஆந்திரப் பிரதேசத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களுள் 58.8 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர். எனவே மகளிர் விடுதிகளில் இச்சோதனை இன்றியமையாதது.

குடும்பத்தின் துணை மருந்துக்கு நிகரானது. சித்தூருக்கு அண்மையிலுள்ள வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம், நோயாளியுடன் உறவினரும் தங்கிச் சிகிச்சையில் பங்குகொள்ளும் முறையை 1950-களிலிருந்தே வளர்த்துவந்துள்ளது. தலைவிதி என்று ஒதுங்கும் பெற்றோருக்கு நோயின் இயல்பை விளக்கிக் கூறினால் அவர்களே சிறந்த துணைவராவர்.

நிறுவனங்களின் கடமை இப்போது சட்டத்தாலும் தெளிவாகியுள்ளது. 2022-இல் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்தனர் என்று தேசியக் குற்றப் பதிவகம் தெரிவித்தது. விசாகப்பட்டினத்தில் பயின்றுவந்த ஒரு மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று கல்வி நிறுவனங்கள் அனைத்துக்கும் நெறிமுறைகளை வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவரைக் கொண்ட நிறுவனங்கள் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும். மதிப்பெண் அடிப்படையில் மாணவரைப் பிரித்து வைத்தலும் பலர்முன் இழிவுபடுத்தலும் கூடா. உதவி எண்கள் விடுதிகளிலும் வகுப்பறைகளிலும் எழுதி வைக்கப்பட வேண்டும் என்பன அவற்றுள் சில.

அரசின் ஏற்பாடுகளும் புதியவையல்ல. தேசிய மனநலத் திட்டம் 1982-இல் தொடங்கியது. 1996-இல் அன்றைய ஆந்திரத்தின் மேதக், தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளி உள்ளிட்ட நான்கு மாவட்டங்களில் மாவட்ட மனநலத் திட்டமாக அது விரிவடைந்தது. 2022 அக்டோபர் 10 முதல் 'டெலி மானஸ்' சேவை 14416 என்ற எண்ணில் இரவு பகலாக, கட்டணமின்றி, மாநில மொழிகளில் இயங்கி வருகிறது. இவ்வெண் ஒவ்வொரு மாணவருக்கும் தெரிந்திருத்தல் வேண்டும். சாவைப் பற்றிப் பேசும் மாணவரைத் தனியே விடாது, அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்வது உடனுறைவோரின் கடமையாகும்.

செலவில்லாத சீர்திருத்தங்களும் பல உண்டு. தேர்வுகளை அடுத்தடுத்த நாள்களில் நெருக்கி வைக்காதிருத்தல், விடுதியில் இரவு உறக்கத்துக்கு உறுதியான நேரம், மாலையில் விளையாட்டு மைதானத்தைத் திறந்து வைத்தல், முதலாண்டு மாணவருக்கு மொழிப் பயிற்சி, வருகை திடீரெனக் குறைந்த மாணவரைத் தண்டிப்பதற்கு முன் ஆலோசகரிடம் அனுப்புதல் ஆகியவை எந்த நிறுவனமும் உடனே செய்யக்கூடியவை.

ஆராய்ச்சிக்கும் திருப்பதி ஏற்ற களமாகும். பல்கலைக்கழகமும் மருத்துவக் கல்லூரியும் மருத்துவ அறிவியல் கழகமும் உயிரியல் ஆய்வு நிறுவனமும் ஒரே வட்டாரத்தில் அமைந்துள்ளன. இவை ஒன்றுகூடி, மாணவரின் இசைவுடனும் இரகசியக் காப்புடனும், சேர்க்கையின்போதும் தேர்வுக் காலத்திலும் விடுமுறைக்குப் பின்னும் மனநிலையையும் அழற்சி அளவையும் தொடர்ந்து கணிக்குமாயின், நம் மக்களுக்குப் பொருந்தும் அறிவு கிடைக்கும். விடுதிச் சீர்திருத்தங்களால் பயன் விளைந்ததா என்பதையும் அத்தகைய ஆய்வே காட்டும்.

மரபணுக்களை எவரும் தேர்ந்தெடுத்துப் பிறப்பதில்லை. ஆனால் உறங்கும் அறையும் உண்ணும் உணவும் தேர்வுக் கால அட்டவணையும் நிர்வாகத்தின் முடிவுக்கு உட்பட்டவை. நோயுற்ற மாணவரைக் குறைகூறுவதை விடுத்து இவற்றைச் சீர்படுத்துவோமாயின், கல்விக்காக நாடு செய்யும் முதலீடும் அதன்மேல் நம்பிக்கை வைத்த குடும்பங்களும் காக்கப்படும்.